‘தொழிலைப் பெரிசாக்கணும்’னு வருஷா வருஷம் எழுதுறேன், நடக்க மாட்டேங்குது

செக்காலைப் பலகாரம்:
வணக்கம். காரைக்குடி செக்காலையில இருக்கேன். சீப்புச்சீடை, தேன்குழல், மாவுருண்டை வீட்டிலயே போட்டுத் தெரிஞ்சவங்களுக்குக் கொடுக்கிறேன். தை பிறந்தா டைரியில எழுதிடுவேன்: தொழிலைப் பெரிசாக்கணும், கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதுற டேலி கத்துக்கணும், உடம்பைக் குறைக்கணும். பங்குனிக்குள்ள மூணும் நின்னுபோகும். சோம்பல் இல்லைங்க, பிள்ளை ஸ்கூலுக்குப் போனதுலேருந்து மதியம் வரைக்கும் அடுப்படியிலதான் நிக்கிறேன். எப்படி எழுதினா நடக்கும்?

தேவகோட்டை வாத்தியார்:
நீங்க எழுதினதுல கிலோவும் இல்லை, தேதியும் இல்லை. எட்வின் லாக்ங்கிற உளவியல் அறிஞர் 1968-லயே இதை எழுதிட்டார். ‘முடிஞ்ச வரைக்கும் செய்’னு விடறதைவிட, இவ்வளவுன்னு குறிப்பா, கொஞ்சம் சிரமமான இலக்கு இருந்தா ஆட்கள் கூடுதலாச் செய்றாங்க. எப்போ, எங்கேன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டா காரியம் நடக்கிற வாய்ப்பு கூடும்னு 1999-ல பீட்டர் கோல்விட்ஸர் எழுதினார். ‘டேலி கத்துக்கணும்’ போதாது. ‘பிள்ளையை வேன்ல ஏத்திவிட்டு வந்ததும், அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு பாடம்’னு எழுதுங்க.

பள்ளத்தூர் ஆச்சி:
ஆத்தா, வாத்தியார் சொல்றது சரிதான். ஆனா அந்தக் கிலோவை எங்கேயிருந்து எடுப்பே? ஆசைப்பட்ட எண்ணைப் போட்டா ஆடிக்குள்ள கைவலிதான் மிஞ்சும்.

தேன்குழலை உரல்ல போட்டுப் பிழிஞ்சா மளமளன்னு விழுந்திடும். சீப்புச்சீடை அப்படியா? வரி வரியா விழுற பட்டையைத் துண்டு நறுக்கி, ஒவ்வொண்ணா விரல்ல சுத்தி, ரெண்டு ஓரத்தையும் அழுத்தி ஒட்டணும். ஒட்டு சரியில்லைன்னா எண்ணெய்யில வாயைப் பிளந்துக்கும். உன் தொழில் எவ்வளவு பெரிசாகும்னு முடிவு பண்றது அந்த விரல்தான். முதல்ல ஒரு வாரம் நேரம் பார்த்துச் சுத்து, எடை போடு, எழுது. இலக்கு அப்புறம்.

இன்னொண்ணு. ‘பத்துக் கடையில நம்ம சரக்கு இருக்கணும்’னு எழுதாதே. வாங்கறது கடைக்காரர் இஷ்டம். ‘செவ்வாய்க்கிழமை ரெண்டு கடைக்குச் சாம்பிள் கொண்டுபோய்க் கேட்பேன்’, அது உன் கையில இருக்கு. அதுக்கு முன்னாடி எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவை, அதான் உணவுப் பாதுகாப்புப் பதிவை, முடி. 14 இலக்க எண் இல்லாத பாக்கெட்டைக் கடையில வைக்க முடியாது.

பர்மாவிலயும் மலாயாவிலயும் கடை நடத்தின நம்ம பெரியவங்க அங்கேயிருந்து ஐந்தொகை, அதாவது வரவு செலவு, இருப்பு, பாக்கி எல்லாம் சேர்ந்த கணக்குச் சுருக்கம், எடுத்து ஊருக்கு அனுப்பினாங்க. கடல் தாண்டி இருந்த கடை எப்படிப் போகுதுன்னு அதைப் பார்த்துத்தான் முதலாளிக்குத் தெரியும். நீயும் மாசக் கடைசியில ஒரு பக்கம் எழுது: நினைச்சது எவ்வளவு, போட்டது எவ்வளவு, ஏன் குறைஞ்சது. குறைஞ்சா அடுத்த மாச எண்ணை மாத்து, தப்பில்லை. மூணையும் ஒண்ணா மட்டும் தூக்காதே. டேலி, உடம்பு ரெண்டையும் தீபாவளிக்கு அப்புறம் பார்.

செக்காலைப் பலகாரம்:
ஆச்சி, நேரம் பார்த்தேன். காலை வேளை முழுக்க உட்கார்ந்தாலும் சீப்புச்சீடை ஒன்றரைக் கிலோதான் வருது. நான் மனசுல வச்சிருந்தது நாள் ஒண்ணுக்கு அஞ்சு கிலோ! இப்ப எழுதினது: ஆவணி 1-லிருந்து வாரத்துக்கு நாலு காலை, மொத்தம் 6 கிலோ. செவ்வாய் சாம்பிள். மத்த நாள்ல தேன்குழல். பதிவுக்கு இந்த வாரமே விண்ணப்பிக்கிறேன். சுத்தறதுக்கு ஒரு ஆள் வச்சா இந்த எண்ணைக் கூட்டலாமா?

பள்ளத்தூர் ஆச்சி:
இப்ப வேண்டாம். ரெண்டு மாசம் 6 கிலோவும் மிச்சமில்லாம வித்துச்சுன்னா ஆள் வை. சம்பளத்தைச் சரக்கே கொடுக்கணும்.

தேவகோட்டை வாத்தியார்:
ஆச்சி சொன்னதுல ஒண்ணுல மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. கடைகளுக்குக் கடனுக்குக் கொடுக்க ஆரம்பிச்சா பாக்கி எழுதறது முதல் நாள்லயே வேணும். டேலி தள்ளிப் போகட்டும். ஆனா கடைக்கு ஒரு பக்கம்னு ஒரு பேரேடு இப்பவே போட்டுடுங்க.