புதுப்பிப்பு: ஆங்கிலத்தில் 'த' (the) எங்கே வரும், எங்கே வராது?

கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கந்தோரில் வேலை செய்கிறேன். போன கிழமை என் ஆங்கிலக் கடிதத்தில் 'த மை மனேஜர்', 'த கொழும்புஸ் போர்ட்' இரண்டிலும் 'த'வைச் சிவப்புப் பேனையால் வெட்டியிருந்தார்கள். ஏன் என்று இங்கே கேட்டேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "உடையவரைத் தனியாக எழுதிப் பாருங்கோ" என்று இங்கே பதில் எழுதிய ஓர் அக்காவின் யோசனைதான். முன்னால் நிற்கும் 'த' பொருளுக்கு இல்லை, உடையவருக்கு. தனியே 'த மனேஜர்' என்போம், அதனால் 'த மனேஜர்ஸ் ரிப்போர்ட்' சரி. கொழும்பு என்ற பெயர் 'த' எடுக்காது, அதனால் வெறும் 'கொழும்புஸ் போர்ட்'. மை, யுவர், ஹிஸ் வந்தால் 'த'வுக்கு இடமே இல்லை.

எதிர்பாராதது ஒன்று: கடைசி 'ஸ்'ஸை எடுத்தால் 'த' திரும்பி வருகிறது! 'த கொழும்பு போர்ட்' சரியாம். அங்கே கொழும்பு வெறும் அடைமொழி, 'த' துறைமுகத்தோடு போகிறது. 'த போர்ட் ஒஃப் கொழும்பு'வும் அப்படித்தான். இதில் இரண்டு நாள் மண்டை காய்ந்தது.

நேற்றுத் திருத்திய கடிதம் திரும்பி வந்தது. சிவப்புக் கோடு ஒன்றே ஒன்று, அதுவும் காற்புள்ளிக்கு.