மறு: ‘மாஸ்க் லீக்’ – கசிவு என்ற ஒரு சொல் போதுமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

தூக்க மூச்சுத்தடைக்காக (தூங்கும்போது மூச்சுப்பாதை அடைபடும் நோய்) இரவில் மாஸ்க் வழியே காற்றைச் செலுத்தும் காற்றழுத்தக் கருவி வைத்துக்கொள்வோருக்கு நாம் எழுதிவரும் கையேட்டில், ‘லீக்’ என்பதற்கு எல்லா இடத்திலும் ‘கசிவு’ என்றே போட்டுவிடலாம் என்று ஈரோட்டு மருத்துவர் ஐயா எழுதியிருந்தார். சொல் எளியது, எல்லோருக்கும் தெரிந்தது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கருவியின் அறிக்கையில் அந்தச் சொல்லுக்குக் கீழே இரண்டு காற்றுகள் இருக்கின்றன. ஒன்று வெளியே போயே ஆகவேண்டும். மற்றது போகவே கூடாது. இரண்டுக்கும் ஒரே பெயரிட்டால், அறிக்கையைப் பார்ப்பவர் சரியாக இருப்பதைக் கெடுத்து, கெட்டிருப்பதை விட்டுவிடுவார்.

கருவிக்கும் மாஸ்க்குக்கும் இடையே இருப்பது ஒரே குழாய். உள்ளே வரும் காற்றுக்கு வழி உண்டு. நாம் விடும் மூச்சு திரும்பிப் போகத் தனி வழி இல்லை. ஆகையால் மாஸ்க்கின் முன்புறத்திலோ முழங்கை போன்ற வளைவிலோ நுண்ணிய துளைகளை வைத்து, கரியமில வாயு கலந்த மூச்சு அவற்றின் வழியே ஓயாமல் வெளியேறும்படி செய்திருக்கிறார்கள். முகத்தோடு துளிகூட இடைவெளியின்றிப் பொருந்தியிருக்கும் மாஸ்க்கிலும் இந்தக் காற்று போய்க்கொண்டேதான் இருக்கும். அதன் அளவு அழுத்தத்தைப் பொறுத்தது. பரவலாகப் புழங்கும் மாஸ்க்குகளில் 4 செ.மீ. நீரழுத்தத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 லிட்டரும், 20 செ.மீ.யில் ஏறக்குறைய 50 லிட்டரும் போகும். ஒவ்வொரு மாஸ்க்குக்கும் உரிய அட்டவணை அதன் குறிப்பேட்டிலேயே அச்சாகியிருக்கும். ஏற்றம் ஏன் நேர்விகிதத்தில் இல்லை என்று கேட்பவர்களுக்கு: சிறு துளை வழியே பாயும் காற்று அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் கூடும், அழுத்தம் நான்கு மடங்கானால் காற்று இரண்டு மடங்காகும்.

இப்போது சிக்கல் எங்கே வருகிறது என்று பாருங்கள். சில கருவிகள் இந்தத் துளைக்காற்றைக் கணக்கிட்டு நீக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் ‘லீக்’ என்று காட்டுகின்றன. ரெஸ்மெட் நிறுவனத்தின் கருவிகள் அந்த வகை. அவற்றில் எந்த வகை மாஸ்க் என்று முன்கூட்டியே தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம், நிமிடத்துக்கு 24 லிட்டருக்கு மேல் போனால் கசிவு மிகுதி என்ற எல்லைக்கோடும் அந்த மிச்சத்துக்கு உரியதுதான். வேறு சில கருவிகளோ இரண்டையும் கூட்டி மொத்தமாகக் காட்டுகின்றன. பெருந்துறையில் இருக்கும் என் மாமாவின் கருவி இந்த இரண்டாம் வகை. அவர் தம் அறிக்கையில் 41 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, “ஏங் கண்ணு, பாதிக் காத்து வெளியவே போகுதாட்டருக்குதே” என்று தொலைபேசியில் கேட்டார். யாரோ சொன்ன 24 என்ற எல்லையோடு அதை ஒப்பிட்டு, வார்களை இழுத்து இழுத்துக் கட்டியதில் மூக்குத்தண்டில் தோல் கிழிந்து புண்ணாகியிருந்தது. அவருடைய கருவியின் காற்றழுத்தம் 11 செ.மீ. அந்த அழுத்தத்தில் அவருடைய மாஸ்க்கின் துளைகள் வழியே மட்டுமே 35 லிட்டர் போகும். மிச்சம் 6. கவலைப்பட ஒன்றுமே இல்லை. கூடுதல் இறுக்கத்தால் நேர்ந்தது என்னவென்றால், மாஸ்க்கின் விளிம்பிலுள்ள மெல்லிய சிலிக்கோன் மடல், காற்றால் உப்பி முகத்தில் படியவேண்டியது, நசுங்கிச் சுருங்கிக் கண்ணோரம் புதிதாக ஒரு கசிவைத் திறந்துவிட்டது.

நம் பகுதிக்காரர்களுக்குக் கசிவு என்றதும் கீழ்பவானி வாய்க்கால்தான் நினைவுக்கு வரும். மதகைத் திறந்து வயலுக்கு விடும் தண்ணீரை அங்கே யாரும் கசிவு என்று சொல்வதில்லை. கரையை ஊடுருவிப் போவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். (அந்தக் கசிவுநீரே எங்கள் கிணறுகளுக்கு உயிர் என்று வாதிடுவோர் இங்கே நிறையப் பேர் என்பதால், நம் கையேட்டில் கசிவு முழுக்கத் தீயது என்ற பொருளை ஏற்றுவதற்கே ஒரு வரி விளக்கம் வேண்டியிருக்கும்.) மாஸ்க்கின் துளை மதகு, அதற்கு வேறு பெயர் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இந்தத் துளைக்காற்றுக்கு இதுவரை வந்த முன்மொழிவுகளைப் பார்த்தேன். ‘விடுகாற்று’ இலக்கணமாக அழகாயிருக்கிறது, ஆனால் காற்று விடுவது என்றால் ஊரில் எதைச் சொல்வார்கள் என்று நான் விளக்கவேண்டியதில்லை. புறநோயாளிக் கூடத்தில் எவரும் அதை உரக்கப் படிக்கமாட்டார்கள். ‘போக்குக்காற்று’ புகைபோக்கியை ஒட்டி வந்தது, நல்ல முயற்சி. எனினும் அதே அறிக்கையில் ‘அழுத்தத்தின் போக்கு’ என்று வரைபடத்துக்கு எழுதப்போகிறோம், இரண்டும் முட்டிக்கொள்ளும். ‘வடிகாற்று’ எனக்கு முதலில் பிடித்திருந்தது. கருவியின் பின்புறம் காற்று வடிகட்டி ஒன்று இருப்பதும், பஞ்சாலைத் தூசி பறக்கும் நம் ஊர்களில் அதை அடிக்கடி பார்க்கச் சொல்லி நாமே ஒரு பக்கம் எழுதியிருப்பதும் நினைவுக்கு வந்ததும் கைவிட்டேன். வடிகாற்று என்றால் வடிகட்டிய காற்று என்றுதான் கொள்வார்கள்.

என் முன்மொழிவு ‘கழிகாற்று’. துளை ‘கழிதுளை’. கழிக்கவேண்டிய காற்று என்ற பொருள் நேராகவே இருக்கிறது. அதோடு கழித்தல் என்ற கணக்குப் பொருளும் கூடவே வருவதால், மொத்த வெளியேற்றத்திலிருந்து கழிகாற்றைக் கழித்தால் மிஞ்சுவது கசிவு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். கழிவறை நாற்றம் அடிக்கிறதே என்று ஒருவர் கேட்கக்கூடும். வெளியே போவது கரியமில வாயுதானே, அதற்கு அந்த மரியாதை போதும். இன்னொரு பயன்: துளையின் குளிர்காற்று படுகிறது என்று டேப் ஒட்டி அடைத்துவிடுவோர் உண்டு, கழிதுளையை அடைக்காதீர்கள் என்றால் ஆபத்து சொல்லிலேயே விளங்கும்.

அழுத்தத்தைப் பற்றிச் சுருக்கமாக. வெறுமனே ‘அழுத்தம்’ என்று எழுதவேண்டாம். ‘பிரஷர் 11’ என்றால் இரத்த அழுத்தம் என்று எண்ணி மாத்திரையைத் தேடுவார்கள். ‘காற்றழுத்தம்’ என்றே முழுக்க எழுதுவோம். அறிக்கையில் ‘95%’ என்ற குறிப்போடு வரும் காற்றழுத்த எண்ணுக்குப் பள்ளிப் புள்ளியியலில் உள்ள ‘நூற்றுமானம்’ (பெர்சென்டைல்) என்ற சொல் இருக்கிறது, புதிதாக ஆக்கவேண்டாம். இரவில் 95 விழுக்காட்டு நேரம் கருவி இந்த அளவிலோ இதற்குக் கீழோ இருந்தது என்ற விளக்கம் பக்கத்திலேயே வரட்டும், ஏனெனில் பலர் இதைச் சராசரி என்று படிக்கிறார்கள்.

கசிவு வரைபடத்தையும் காற்றழுத்த வரைபடத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடவேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்துகிறேன். காற்றழுத்தம் ஏறும்போதெல்லாம் கசிவும் கூடவே ஏறினால் மாஸ்க்கின் பொருத்தத்தைப் பார்க்கவேண்டும்: தேய்ந்த விளிம்பு, முகத்தில் தேங்காய் எண்ணெய், அல்லது நம் ஆண்கள் விட்டுக்கொடுக்காத மீசை. காற்றழுத்தம் அசையாமல் இருக்கும்போது கசிவு மட்டும் செங்குத்தாக எழுந்து, சற்று நேரம் நின்று, அப்படியே விழுந்தால், மூக்கு மாஸ்க் போடுபவர் வாயைத் திறந்திருக்கலாம். காலையில் நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொள்வதும் அதற்குத் துணைச் சான்று. கசிவு மிகப் பெரிதாகிவிட்டாலோ மூச்சின் ஏற்ற இறக்கத்தையே கருவியால் சரிவரக் காண இயலாது. அந்த நேரத்தில் மூச்சுத்தடை எண்ணிக்கை மணிக்கு 1 அல்லது 2 என்று குறைவாகக் காட்டினால் அது நலத்தின் அடையாளம் ஆகாது. இதற்குப் ‘பெருங்கசிவு’ என்று தனியே பெயரிட்டு, அந்தப் பகுதியின் எண்களை நம்பவேண்டாம் என்று எழுதுவோம்.

1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் இந்தச் சிகிச்சையை முதலில் வெளியிட்ட காலத்தில், மாஸ்க்கை இரவுதோறும் பசை கொண்டு முகத்தில் ஒட்டினார்களாம். வார் கட்டும் மாஸ்க் வந்த பிறகுதான் கசிவைப் பற்றி இவ்வளவு பேசவேண்டியதாயிற்று.

அன்புடன்,
கோவையிலிருந்து

>> கழிகாற்று… கழிதுளை…

ஐயா, வணக்கம். கழிகாற்றை ஏற்கிறேன். நம் மக்கள் ‘கழி’யைக் ‘களி’ என்று ஒலித்தாலும் பொருள் கெடாது. நூற்றுமானத்தில்தான் எனக்கு ஐயம்: என்னிடம் வருவோரில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர்கள். கட்டத்தின் தலைப்பில் ‘பெரும்பாலும் போதுமான காற்றழுத்தம்’ என்றும், அடியில் சிறு எழுத்தில் நூற்றுமானம் என்றும் இடலாமா? வாய் திறப்பதால் வருவதற்குச் சிலர் ‘வாய்க்கசிவு’ என்று எழுதியிருக்கிறார்கள். அது எச்சில் ஒழுகுவதைப் போல ஒலிக்கிறது. ‘வாய்வழிக் காற்றுக்கசிவு’ என்று நீட்டியே எழுதிவிடுவோம். மாஸ்க்கை முகமூடி ஆக்கவேண்டாம் என்பதில் நாம் இருவரும் ஒன்றுபடுகிறோம் என்று நினைக்கிறேன். மூன்றாம் பக்க வரைவில் இன்னும் ‘முகமூடி’ என்று இருப்பதைத் திருத்தி அனுப்புகிறேன்.

ஈரோட்டிலிருந்து