உதவி: டூரிங் வே கையேட்டில் ஒரு பத்திதான் சேர்த்தேன், பிஆரில் ஃபைல் முழுக்க மாறினதா காட்டுது

பவானிக்கரை | இரவு 10:48
அவசரம், தெரிஞ்சவங்க சொல்லுங்க. டூரிங் வே கையேட்டுல (ஆராய்ச்சி எப்படிப் பண்றதுன்னு பலர் சேர்ந்து கிட்ஹப் தளத்துல எழுதுற திறந்த கையேடு) ஸ்ப்ரெட்ஷீட் பத்தின பகுதியில ஒரு பத்தி சேர்த்தேன். தமிழ் இருக்கிற சிஎஸ்வி ஃபைலை எக்செல்ல நேரா திறந்தா எழுத்தெல்லாம் குலைஞ்சு வருமே, அதைப் பத்தி. பிஆர் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கோங்கன்னு கேட்கிற புல் ரிக்வெஸ்ட்) போட்டதும் +214 −187ன்னு வருது, அதாவது 214 வரி சேர்ந்து 187 வரி போனதா. கீழே கான்ஃப்ளிக்ட் வேற, மத்தவங்க மாற்றத்தோட மோதுதாம். நான் வேற எதையும் தொடவே இல்ல. எப்படிச் சரி பண்றது? காலையில கைடு பார்ப்பாங்க.

வைகைத்தடம் | இரவு 10:55
விண்டோஸா, மேக்கா, லினக்ஸா? கிட்ஹப் தளத்துலயே எடிட் பண்ணீங்களா, கம்ப்யூட்டர்ல இறக்கிப் பண்ணீங்களா? எந்த எடிட்டர்? இது தெரியாம யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

நெல்லைச்சீமை | இரவு 10:57
கேட்கவே வேண்டாம், இது சிஆர்எல்எஃப் பிரச்சினை. விண்டோஸ்ல ஒவ்வொரு வரி முடிவுலயும் ரெண்டு எழுத்து (சிஆர்எல்எஃப்) போகும், லினக்ஸ்ல ஒண்ணுதான் (எல்எஃப்). அது மாறினா ஃபைல்ல இருக்கிற அத்தனை வரியும் மாறினதா கிட் (மாற்றங்களைப் பதிவு பண்ணி வைக்கிற மென்பொருள்) எடுத்துக்கும். பிஆர்ல "ஃபைல்ஸ் சேஞ்ச்டு" போய், பல்சக்கர ஐகானை அமுக்கி "ஹைட் வைட்ஸ்பேஸ்" டிக் பண்ணுங்க. சிவப்பும் பச்சையும் மறைஞ்சு உங்க பத்தி மட்டும் மிஞ்சுச்சுன்னா நான் சொன்னதுதான்.

தாமிரா | இரவு 11:04
கான்ஃப்ளிக்ட் வருதுன்னா ஃபோர்க் (மூலக் களஞ்சியத்துல இருந்து நீங்க எடுத்த உங்க நகல்) பழசு. எப்ப எடுத்தீங்க? உங்க ஃபோர்க் பக்கத்துல "சிங்க் ஃபோர்க்"னு பட்டன் இருக்கும், அதுல "டிஸ்கார்ட் கமிட்ஸ்" (நீங்க பதிவு பண்ண மாற்றங்களைத் தூக்கிடும்) குடுத்துட்டு முதல்ல இருந்து பண்ணுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

மூத்தநிரலன் | இரவு 11:10
இதே கேள்வி இங்கே பலமுறை வந்திருக்கிறது, தேடினால் கிடைக்கும். கிட் என்ன செய்கிறது என்று தெரியாமல் கிட் வழியாகப் பங்களிக்க வந்தால் இப்படித்தான் சிக்கிக்கொள்ள நேரும். புரோ கிட் புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்துவிட்டு வாருங்கள். கையேட்டைப் பராமரிப்பவர்களின் நேரமும் நேரம்தான். முந்நூறு, நானூறு வரி மாற்றத்தை அனுப்பி வைத்தால் அதற்குள் உங்கள் பத்தி எங்கே இருக்கிறது என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பவானிக்கரை | இரவு 11:16
விண்டோஸ் 11, விஎஸ் கோட். கம்ப்யூட்டர்ல இறக்கித்தான் பண்ணேன். ஃபோர்க் போன வருஷம் ஒரு ஒர்க்‌ஷாப்ல எடுத்தது. பிராஞ்ச்லாம் (கிளை) தனியா போடல, மெயின்லயேதான் (முதன்மைக் கிளை). ஹைட் வைட்ஸ்பேஸ் டிக் பண்ணியும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கு.

தாமிரா | இரவு 11:18
போன வருஷ ஃபோர்க்! நான் சொன்னேன்ல.

நெல்லைச்சீமை | இரவு 11:21
இன்னும் சிஆர்எல்எஃப்ஐ நான் விடல. டெர்மினல்ல இதைப் போட்டு, உங்க ஃபைல் பேர் இருக்கிற வரியைச் சொல்லுங்க:
கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --இஓஎல்

ஏட்டுச்சுவடி | இரவு 11:25
பவானிக்கரை, தாமிரா சொன்ன "டிஸ்கார்ட் கமிட்ஸ்"ஐ இப்போதைக்கு அமுக்க வேண்டாம். உங்கள் பிஆர் ஃபோர்க்கின் மெயினிலிருந்து போயிருக்கிறது. அந்த மெயின் மூலக் களஞ்சியத்தோடு ஒன்றாகிவிட்டால் பிஆரில் ஒரு கமிட்டும் மிஞ்சாது, கிட்ஹப் அதைத் தானாகவே மூடிவிடும்.

மூத்தநிரலன் ஐயாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பெண் எழுதியது தமிழ்த் தரவோடு வேலை செய்கிற எல்லோருக்கும் தேவையான குறிப்பு. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அங்கே எழுத வந்தவர்களிடம் முதலில் மூன்று அத்தியாயம் படித்துவிட்டு வா என்று சொல்லியிருந்தால் ஆசிரியர்களும் விவசாயிகளும் ஓய்வுபெற்றவர்களும் வந்திருக்கவே மாட்டார்கள். "தொகு" என்று ஒரு பொத்தான், அவ்வளவுதான். திறந்த கையேடு என்று பெயர் வைத்துவிட்டு வாசலில் கிட்டை நிறுத்தினால் நிரல் எழுதுகிறவர்களுக்கு மட்டும்தான் அது திறந்திருக்கும்.

மூத்தநிரலன் | இரவு 11:34
விக்கியில் யாரோ எழுதியது உடனே வெளியே போய்விடுகிறது, பிறகு இன்னொருவர் வந்து திருத்துகிறார். இது ஆராய்ச்சிக் கையேடு. உள்ளே போவதற்கு முன்பே ஒருவர் வாசித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பிஆருக்கும் நெட்லிஃபை என்ற இணையச் சேவையில் முன்னோட்டப் பக்கம் உருவாகிறது. எந்த வரியை யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்பது நிற்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் கிட்டை உருவாக்கியது லினக்ஸ் கெர்னலுக்காகத்தான். அந்த ஒழுங்கு ஒரு கையேட்டுக்கும் வேண்டும் என்பதுதான் என் கருத்து. யாரையும் விரட்டுவதற்காகச் சொல்லவில்லை.

ஏட்டுச்சுவடி | இரவு 11:41
வாசித்துப் பார்த்த பிறகு சேர்ப்பது எனக்கும் சம்மதம். அதற்கு எழுதுகிறவர் டெர்மினலைத் திறந்தாக வேண்டும் என்பதில்தான் எனக்கு மறுப்பு. கிட்ஹப் தளத்தில் பென்சில் ஐகானை அமுக்கினால் ஃபோர்க்கும் பிராஞ்சும் அதுவாகவே போட்டுக்கொள்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் ஒரு இஷ்யூவில் (கிட்ஹபில் பிழையும் யோசனையும் எழுதும் இடம்) பத்தியை எழுதி வைத்தால் போதும், வேறொருவர் எடுத்துச் சேர்ப்பார். டூரிங் வேயில் யோசனை சொன்னவர், பிழை காட்டியவர், சரிபார்த்தவர் எல்லோரையும் பங்களிப்பாளர் பட்டியலில் சேர்க்கிறார்கள். கமிட் போட்டவர் மட்டும்தான் பங்களித்தவர் என்று அந்தக் கையேட்டுக்காரர்களே நினைப்பதில்லை.

பவானிக்கரை | இரவு 11:43
நெல்லைச்சீமை அண்ணா, வந்தது இது: ஐ/எல்எஃப் டபிள்யூ/சிஆர்எல்எஃப்

வைகைத்தடம் | இரவு 11:47
அப்ப வரி முடிவு காரணம் இல்ல. "ஐ" கிட்டுக்குள்ள பதிவானது, "டபிள்யூ" உங்க டிஸ்க்ல இருக்கிறது. உள்ளே எல்எஃப்ஆத்தான் போயிருக்கு. விண்டோஸ் கிட் வழக்கமா இறக்கும்போது சிஆர்எல்எஃப் ஆக்கும், கமிட் பண்ணும்போது திரும்ப எல்எஃப் ஆக்கிடும்.

நெல்லைச்சீமை | இரவு 11:50
சரி, ஒத்துக்கிறேன். ஆனா கமிட் பண்றதுக்கு முன்னாடி ஆட்டோசிஆர்எல்எஃப் (வரி முடிவைத் தானா மாத்துற கிட் அமைப்பு) என்னவா இருந்துச்சுன்னும் பார்த்துடுங்க.

யாழ்மணல் | இரவு 11:58
தங்கச்சி, எல்லாரும் எண்ணிக்கையைத்தான் பார்க்கினம், மாறின வரியை ஒருத்தரும் பார்க்கேல்லை. நீங்கள் கை வைக்காத ஒரு பத்தியை எடுத்து, சிவப்பிலை எப்பிடி இருக்கு, பச்சையிலை எப்பிடி இருக்கு எண்டு ஒருக்கா வடிவாய்ப் பார்த்துச் சொல்லுங்கோ.

பவானிக்கரை | இரவு 12:06
சிவப்புல ஒரு வாக்கியம் ஒரே வரியில நீளமா இருக்கு. பச்சையில அதே வாக்கியம் பாதியில உடைஞ்சு அடுத்த வரிக்குப் போகுது, அந்த வரியிலயே அடுத்த வாக்கியமும் ஒட்டிட்டு வருது. வார்த்தை எதுவும் மாறல.

யாழ்மணல் | இரவு 12:19
பிடிபட்டிட்டுது. உங்கடை விஎஸ் கோடிலை பிரிட்டியர் எண்ட ஒழுங்குபடுத்துற கருவி இருக்கு, சேமிக்கேக்கை அது தானாய் ஒழுங்குபடுத்துது. அதிலை "புரோஸ் ரேப்" எண்ட அமைப்பு "ஆல்வேஸ்" எண்டு இருக்க வேணும். வழமையாய் அது "பிரிசர்வ்", இருந்த மாதிரியே விட்டிடும். "ஆல்வேஸ்" எண்டால் பத்தியை முழுக்கச் சேர்த்து 80 எழுத்துக்கு ஒருக்கா வெட்டி அடுக்கும்.

டூரிங் வேயிலை ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி எண்டதுதான் எழுத்து முறை. காரணம் இருக்கு. கிட் ஒப்பிடுறது வரி வரியாய். ஒரு வாக்கியம் ஒரு வரியிலை இருந்தால், அதிலை ஒரு சொல்லை மாத்தினாலும் அந்த வரி மட்டும்தான் மாறினதாய்த் தெரியும். சரிபார்க்கிற ஆள் அந்த வாக்கியத்தின்ரை பக்கத்திலேயே கருத்து எழுதலாம். பத்தியாய் மடிச்சு எழுதினால் மேலை ஒரு சொல் கூடினதும் கீழை இருக்கிற வரியெல்லாம் நகர்ந்து, எல்லாமே புதுசாய்த் தெரியும். வெளியாகிற பக்கத்திலை ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும், அதாலைதான் உங்களுக்குக் கண்ணிலை படேல்லை.

ஹைட் வைட்ஸ்பேஸ் ஏன் உதவேல்லை எண்டால், அது ஒரு வரிக்குள்ளை இருக்கிற இடைவெளியைத்தான் கண்டுகொள்ளாமல் விடும். வரி உடையிற இடமே மாறினால் அதுக்கு அது வேறை வரி.

தாமிரா சொன்னதிலையும் பாதி சரி. ஃபோர்க் பழசு, இடையிலை வேறை ஆக்கள் அதே பகுதியைத் திருத்தியிருப்பினம். உங்கடை பக்கத்திலை எல்லா வரியும் மாறினதாலை அவை தொட்ட ஒவ்வொரு இடமும் மோதுது.

பவானிக்கரை | இரவு 12:24
ஆமா அக்கா!! லேப்ல எல்லாரும் ஒரே செட்டிங்ஸ்தான் வச்சிருக்கோம், அதுல "ஆல்வேஸ்"னு இருக்கு. இப்ப என்ன பண்ணணும்?

யாழ்மணல் | இரவு 12:41
முதலிலை உங்கடை பத்தியை நோட்பேடிலை எடுத்து வையுங்கோ. சேமிக்காத, கமிட் பண்ணாத வேறை வேலை அந்தக் கோப்புறையிலை இருந்தால் அதையும் வெளியிலை எடுங்கோ, நாலாவது வரி அதை அழிச்சுப்போடும்.

கிட் ரிமோட் ஆட் அப்ஸ்ட்ரீம் (மூலக் களஞ்சியத்தின்ரை முகவரி)
கிட் ஃபெட்ச் அப்ஸ்ட்ரீம்
கிட் பிராஞ்ச் பழசு
கிட் ரீசெட் --ஹார்ட் அப்ஸ்ட்ரீம்/மெயின்

முதல் ரெண்டு வரியும் மூலக் களஞ்சியத்தின்ரை இப்பத்தைய நிலையை எடுக்கும், நாலாவது உங்கடை மெயினை அதுக்கு மாத்தும். மூண்டாவது வரி இப்ப இருக்கிறதுக்கு ஒரு காப்பு, எது பிழைச்சாலும் அங்கை திரும்பலாம். இந்த இடத்திலை புஷ் பண்ண (கிட்ஹபுக்கு அனுப்ப) வேண்டாம், ஏட்டுச்சுவடி சொன்ன மாதிரி பிஆர் மூடுப்பட்டிடும்.

இனிப் புதுக் கோப்பைத் திறந்து உங்கடை பத்தியை மட்டும் ஒட்டுங்கோ, வாக்கியத்துக்கு ஒரு வரியாய். ஒரு வருசத்திலை கோப்பு இடம் மாறியும் இருக்கலாம், தலைப்பை வைச்சுத் தேடுங்கோ. சேமிக்கிறதுக்கு கன்ட்ரோல்+எஸ் வேண்டாம். கட்டளைப் பட்டியலிலை "சேவ் வித்தவுட் ஃபார்மேட்டிங்" இருக்கு, அதைக் குடுங்கோ. பிறகு:

கிட் டிஃப் --ஸ்டாட்

ஒரு கோப்பு, சில வரி எண்டு மட்டும் வந்தால்தான் மேலை போகலாம். கூட வந்தால் நிப்பாட்டிப்போட்டு இங்கை எழுதுங்கோ. சரியாய் இருந்தால் ஆட், கமிட், அதுக்குப் பிறகு:

கிட் புஷ் --ஃபோர்ஸ்-வித்-லீஸ் ஆரிஜின் மெயின்

வெறும் ஃபோர்ஸ் எண்டால் அங்கை என்ன இருக்கு எண்டு பாராமல் மேலை எழுதிப்போடும். இது, நீங்கள் கடைசியாய்ப் பார்த்த நிலையிலேயே அங்கை இருந்தால்தான் எழுதும். பழைய பிஆரிலேயே புது மாற்றம் தெரியும்.

தாமிரா | இரவு 12:47
இவ்வளவு எதுக்கு, புது பிராஞ்ச் போட்டு புது பிஆர் அனுப்பிட்டு பழசை மூடிட்டா போச்சு.

யாழ்மணல் | இரவு 12:52
அதுவும் செய்யலாம். பழைய பிஆரிலை ஆரும் கருத்து எழுதியிருந்தால் அந்த உரையாடல் பிரிஞ்சு போகும், அதுக்காகத்தான் இதைச் சொன்னனான். அடுத்த முறை தொடக்கத்திலேயே பிராஞ்ச் போட்டால் ரெண்டு வேலையும் மிச்சம்.

வைகைத்தடம் | இரவு 12:55
இன்னொண்ணு. எழுதினதுல ஈ.ஜி. (உதாரணமா), ஐ.ஈ. (அதாவது) மாதிரி லத்தீன் சுருக்கம் இருந்தா விரிச்சு எழுதிடுங்க. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவங்களுக்குச் சிரமம்னு அந்தக் கையேட்டுல தவிர்க்கச் சொல்றாங்க.

மூத்தநிரலன் | இரவு 1:03
யாழ்மணல் சொன்ன வழி சரி. ஒரு திருத்தம்: ரீசெட் கொடுப்பதற்கு முன் கிட் ஸ்டேட்டஸ் பாருங்கள், எது அழியப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். ஏட்டுச்சுவடிக்கு: பென்சில் ஐகான் வழியாகச் செய்திருந்தால் பிரிட்டியர் குறுக்கே வந்திருக்காது என்பது உண்மை. பல கோப்புகளைத் தொடுகிற மாற்றத்துக்கு அது போதாது என்பதும் உண்மை.

ஏட்டுச்சுவடி | இரவு 1:09
ஒரு பத்தி சேர்க்க வந்தவரிடம் பல கோப்புக் கதை எதற்கு? தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.

பவானிக்கரை | காலை 7:32
+6 −0. கான்ஃப்ளிக்ட் போயிடுச்சு. அக்காவுக்கும் எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காலேஜ் கிளம்பணும்.

நெல்லைச்சீமை | காலை 8:15
பழைய பிஆர்லயே தள்ளினீங்களா, புதுசு போட்டீங்களா? பின்னாடி தேடி வர்றவங்களுக்கு உதவும், நேரம் கிடைக்கும்போது சொல்லுங்க.

காவிரிமுனை | மறுநாள் மாலை 6:20
எனக்கும் இதே மாதிரி வருது, ஆனா வேற கையேடு. பிரிட்டியரே போடல. என்ன பண்றது?

வைகைத்தடம் | மறுநாள் மாலை 6:31
எந்த ஓஎஸ், எந்த எடிட்டர்? மாறின வரி சிவப்புல எப்படி இருக்கு, பச்சையில எப்படி இருக்கு?