மறு: கணுக்கால் அழுத்தம் – ‘தானியங்கி முறை’ என்ற சொல் பற்றி

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்காக, கால் தமனி அடைப்பைக் கண்டறியும் அளவைக்கு (ankle-brachial index) ஐயா தந்த ‘கணுக்கால்–கை அழுத்த விகிதம்’ என்ற சொல் எனக்கு முழுச் சம்மதம். எதை எதால் வகுக்க வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. பி.பி.யின் மேல் எண் கணுக்காலில் 96, கையில் 128 என்றால் விகிதம் 0.75. அது 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று கொள்வார்கள். index என்பதை ‘சுட்டெண்’ என்று வைத்தால் இந்தக் கணக்கு மறைந்துவிடும்.

தானே காற்றடித்து அழுத்தத்தை அளக்கும் பி.பி. கருவியின் ஆசிலோமெட்ரிக் (oscillometric) முறையைத் ‘தானியங்கி முறை’ என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. காற்றை யார் அடிக்கிறார்கள் என்பதை மட்டுமே அந்தச் சொல் காட்டுகிறது. கருவி எதை அளக்கிறது என்பதைக் காட்டவில்லை. டாப்ளரில், அதாவது இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கும் கருவியில், கஃபை (கணுக்காலைச் சுற்றிக் கட்டும் காற்றுப்பட்டையை) ஊதி இரத்த ஓட்டத்தை நிறுத்துகிறோம். காற்றை மெல்ல இறக்கும்போது, பாதத்தின் மேலோ உள்கணுக்காலுக்குப் பின்னாலோ வைத்த முனையில் ‘உஷ்... உஷ்...’ என்று இரத்தம் திரும்பி ஓடும் ஒலி கேட்கும். அந்த நொடியின் அழுத்தமே அளவு. ஆசிலோமெட்ரிக் கருவியோ ஓட்டத்தைக் கேட்பதே இல்லை. தமனி துடிக்கையில் கஃபுக்குள் எழும் அலைவைப் பதிந்து, அதிலிருந்து அழுத்தத்தைக் கணிக்கிறது. நல்ல காலில் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகும். அடைப்பு முற்றிய காலிலோ துடிப்பே தேய்ந்திருக்கும். கருவி கூட்டிக் காட்டலாம், எண்ணே தராமலும் நின்றுவிடலாம். யாருக்காகச் சோதிக்கிறோமோ அவரிடத்திலேயே தவறும் முறை இது. ஆகவே ‘துடிப்பலைவு முறை’ என்று வைப்போம். ‘அலைவு’ நம் இயற்பியல் பாடத்தில் ஏற்கெனவே உள்ள சொல்தான்.

விரலால் துடிப்பைப் பார்ப்பதற்கு ‘நாடி பிடித்தல்’ வேண்டாம். சித்த மருத்துவத்தில் அதற்குத் தனிப்பொருள் உண்டு. இலங்கைப் பாடநூல்களில் தமனிக்கே ‘நாடி’ என்றுதான் பெயர். அம்மா சொன்ன ‘தொட்டறி முறை’ போதும்.

இன்னொன்று. நீரிழிவு நெடுநாள் இருந்தவர்களுக்குச் சுண்ணாம்பு படிந்து தமனி இறுகிவிடும். கஃப் எவ்வளவு இறுக்கினாலும் அது அமுங்காது, விகிதம் 1.40க்கு மேல் போகும். அதை ‘அமுங்காத் தமனி’ எனலாமா? அப்போது கால் பெருவிரலில் அளப்பார்கள். ஐயாவின் வார்ப்பிலேயே அதற்கும் ‘பெருவிரல்–கை அழுத்த விகிதம்’ கிடைத்துவிடுகிறது. இலங்கை நண்பர்கள் அழுத்தத்தை ‘அமுக்கம்’ என்றே எழுதுவதால், அந்த வடிவத்தையும் பதிவில் இணைத்துவிடுங்கள்.