நோய் வந்த தேனீப் பெட்டியை எரிக்க வேண்டுமா, மருந்து தூவினால் போதுமா?

கேப்டவுன்_குமரன்: "ஆக்ஸிடெட்ராசைக்ளினைத் தூள் சர்க்கரையில் கலந்து சில வாரம் தூவினேன், அமெரிக்கன் ஃபவுல்புரூட் போயே போச்சு" என்று நேற்று இங்கே ஒருவர் பெருமையடித்திருந்தார். எரிச்சல்தான் வந்தது. அது தேனீப் புழுவை அழுக வைக்கும் பாக்டீரியா நோய். அந்த ஆன்டிபயாட்டிக் மருந்து ஸ்போரை, அதாவது பாக்டீரியா உறங்கிக் கிடக்கும் கெட்டி வித்தைக் கொல்லாது. இதற்கு என்ன பதில்?

டர்பன்_தேனீ: அந்த ஒருவர் நான்தான். நேராகவே திட்டலாம். நாற்றம் போய்விட்டது, புழுவெல்லாம் முத்து மாதிரி வெள்ளை. அமெரிக்காவிலேயே கால்நடை மருத்துவர் சீட்டோடு இதே மருந்தைத்தான் கொடுக்கிறார்கள்.

கேப்டவுன்_குமரன்: புழுவின் நிறத்தை யார் கேட்டார்கள்? ஸ்போர் செத்ததா? முளைத்துப் பெருகும் பாக்டீரியாவைத்தான் மருந்து அடக்கும். ஸ்போர் அடையிலும் மரத்திலும் 35 வருஷத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும். மருந்தை நிறுத்துங்கள், அப்புறம் பாருங்கள்.

மாரிட்ஸ்பர்க்_மீனா: முதலில் இதைச் சொல்லுங்கள், டர்பன்: வந்தது அமெரிக்கன் ஃபவுல்புரூட்டா, ஐரோப்பியன் ஃபவுல்புரூட் என்கிற இன்னொரு புழு நோயா? ஐரோப்பியன் கிருமிக்கு ஸ்போரே கிடையாது. அதில் பெரும்பாலும் அடையில் புழு இருக்கும் அறை மூடும் முன்பே புழு செத்துவிடும். மூடிய அறையில் தீக்குச்சி விட்டு இழுத்தீர்களா? செத்த புழு நூலாக வந்ததா? வந்தால் அமெரிக்கன்.

டர்பன்_தேனீ: அக்கா, எனக்குத் தீக்குச்சிப் பாடம் வேண்டாம். குமரன், நம் தென்னாப்பிரிக்காவில் 2009இல் இந்த நோய் தெரியவந்தது உங்கள் மேற்குக் கேப்பில். தொண்ணூறுகளில் உங்கள் கேப் தேனீ வடக்கே போய் அங்கிருந்த ஸ்கூடெல்லாட்டா வகைத் தேனீக் கூட்டம் எத்தனையை அழித்தது? நீங்கள் எங்களுக்குப் புத்தி சொல்கிறீர்களாக்கும்!

கேப்டவுன்_குமரன்: கேப் தேனீக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஸ்போர் செத்ததா, இல்லையா?

சாட்ஸ்வொர்த்_தாத்தா: போன வருஷம் குமரன் என் தலையில் கட்டிய பழைய பெட்டியில் அடையைத் தின்னும் மெழுகுப்பூச்சி இருந்ததே, அதை யாராவது கேட்டீர்களா?

கேப்டவுன்_குமரன்: தாத்தா, பேச்சை மாற்றாதீர்கள். காலிப் பெட்டியைக் காமாக் கதிரில் வைத்தால் ஸ்போர் சாகும். இல்லையென்றால் குழி வெட்டித் தீ வைக்க வேண்டும். நியூசிலாந்தில் இதற்கு மருந்தே கூடாது, எரிப்புதான். மருந்து மிச்சமுள்ள தேனை ஐரோப்பாக்காரன் தொடவும் மாட்டான்.

டர்பன்_தேனீ: நான் விற்பது எங்கள் ஊர்ச் சந்தையில். பெட்டிக் காசை நீங்கள் கொடுத்தால் நாளைக்கே எரிக்கிறேன்.

மாரிட்ஸ்பர்க்_மீனா: அந்தச் சந்தைத் தேனைத்தான் நாங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். அமெரிக்கனா, ஐரோப்பியனா? இன்னும் சொல்லவில்லை.

கேப்டவுன்_குமரன்: அதெல்லாம் அப்புறம். ஸ்போர்?

டர்பன்_தேனீ: தாத்தா காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்போரைக் கேளுங்கள்.

சாட்ஸ்வொர்த்_தாத்தா: காசு வேண்டாம். வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லு.

கேப்டவுன்_குமரன்: திறந்து போட்டுவிட்டு இப்போது என்னைக் குறை சொல்கிறீர்களா? மூடி வைக்கச் சொன்னேனே!