வாக்கியும் ஸ்கேனரும் ஒரே செட்டுல வேணும். 156.8ல பச்சை எரியுது, சத்தம் இல்ல

குளச்சல்_வள்ளம்:
கொஞ்சம் அவசரம். கையில புடிக்கிற வாக்கி ஒண்ணு வாங்கணும், ஸ்கேனராவும் ஓடணும். கூட்டாளி செட்ட வாங்கி ரெண்டு நாளா பாக்கேன். 121.5 (விமான அவசர அலைவரிசை) அடிச்சா ஏத்துக்கிட மாட்டேங்கு. 156.8ல (கடல் சேனல் 16) பச்சை லைட் எரியுது, சத்தமே இல்ல. செட்டு போச்சா, இல்ல மாடலே இப்படியாக்குமா? 5000 வரைக்கும் எத வாங்கலாம்?

நாஞ்சில்_ஏரியல்:
என்ன செட்டு? பேசவும் செய்யணுமா, கேட்டாப் போதுமா? லைசென்ஸ் உண்டா? வீடு கடற்கரையா, உள்ள தள்ளியா?

தக்கலை_ரேடியோ:
மொதல்ல ஏரியல மாத்துங்க. கூட வர்ற குட்டை ரப்பர் ஒண்ணுக்கும் ஆகாது. 156.8க்குக் கால் அலைக் கம்பி 45 செ.மீ., விமான பேண்டுக்கு 57 செ.மீ. பாவோஃபெங் யூவி-5ஆர்னா செட்டுல ஆண் எஸ்எம்ஏ (ஏரியல் மாட்டுற திருகு முனை), ஏரியல் பெண்ணா வாங்கணும். யேசு செட்டுக்கு நேர் எதிர் (கம்பெனியச் சொல்றேன்).

சுருள்கம்பி:
பச்சை எரியுதுன்னா சிக்னல் உள்ள வந்தாச்சு. வந்த சிக்னலுக்கு ஏரியல மாத்தி என்ன செய்ய? கேள்விய முழுசா படிச்சுட்டுப் பதில் போடுங்க.

யூவி-5ஆர்னு எடுத்துக்கிட்டே சொல்றேன். லைட் எரிஞ்சு ஸ்பீக்கர் ஊமைன்னா டோன் பூட்டு, அதாவது குறிச்சு வச்ச டோன் கூட வந்தாத்தான் ஸ்பீக்கர் திறக்கும். முதல்ல பிடிடி (பேச அமுக்குற) பொத்தானுக்குக் கீழ இருக்கிற மோனி பொத்தான அமுக்கிப் பிடிங்க. பேச்சு கேட்டுதா? அப்ப மெனு 11 ஆர்-சிடிசிஎஸ், மெனு 10 ஆர்-டிசிஎஸ், இந்த ரெண்டு டோன் அமைப்பையும் ஆஃப் பண்ணுங்க. அம்புக்குறி நிக்கிற வரியிலதான் மாறும். மேல் வரிய மாத்திட்டு கீழ் வரியில கேட்டுட்டு இருக்காதீங்க.

121.5 எடுக்காதது கோளாறு இல்ல. பழைய யூவி-5ஆர் 136க்குக் கீழ இறங்காது. இறங்கினாலும் அதுக்கு எஃப்எம் மட்டுந்தான் தெரியும், விமானம் பேசுறது ஏஎம்ங்கிற வேற முறை.

குளச்சல்_வள்ளம்:
ஆமா யூவி-5ஆர் தான். பேசவும் வேணும், அண்ணன் வள்ளத்துல நிப்பான். லைசென்ஸ்லாம் எடுக்கல.

நாஞ்சில்_ஏரியல்:
அப்ப செட்டு பிறகு, பேப்பர் முதல்ல. ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) உரிமம் இருந்தாலும் இங்க 144-146, 434-438 மெகாஹெர்ட்ஸ் தான். அதுலயும் எதிர்ல பேசுறவருக்கும் உரிமம் வேணும், தொழில் பேச்சு கூடாது. 156ல கடல் பேண்டு, அதுக்கு வள்ளத்துல வைக்கத் தனி உரிமம். உரிமம் இல்லாம பேச 446.0-446.2 சின்ன வாக்கிதான் உண்டு. பேசாட்டியும் மத்த செட்ட கையில வச்சிருக்கவே உரிமம் கேக்கும், நினைவிருக்கட்டும். ஆன்லைன்ல வாக்கி விக்கிறவங்க அலைவரிசையும் வகை அங்கீகாரமும் (அந்த மாடலுக்கு அரசு ஒப்புதல்) காட்டணும்னு 2025ல விதி வந்திருக்கு. பட்டியல்ல அது இல்லாதத தொடாதீங்க.

மணக்குடி_மின்சாரம்:
உரிமம் எடுத்தபிறகு 5000க்குள்ளன்னா குவான்ஷெங் யூவி-கே5 பாருங்க. 108-136 ஏஎம்ல கேக்கும், பக்கத்துல டைப்-சி சார்ஜும் உண்டு. ஆனா ஏஎம் பகுதி முரட்டு சிக்னல் தாங்காது. எஃப்எம் கோபுரம் பக்கத்துல இருந்தா விமான பேண்டுல பாட்டு கேக்கும். மருந்து: ஆர்ஜி-58 கேபிள் 49 செ.மீ., ஒரு முனை திறந்தபடி, செட்டுக்கும் ஏரியலுக்கும் நடுவுல டி-கனெக்டர்ல தொங்க விடுங்க. 101 மெகாஹெர்ட்ஸ் பக்கம் விழுங்கும்.

சுருள்கம்பி:
பேசும்போது அத கழட்டணும்னு சொல்லாம விட்டா எப்படி? 145ல அந்தத் துண்டு ஏரியல் பொருத்தத்தையே கெடுக்கும்.

ஸ்கேன் வேகத்தையும் யாரும் சொல்லல. யூவி-5ஆர் விநாடிக்கு ஏறத்தாழ 3 சேனல். 25 கிலோஹெர்ட்ஸ் படியில 156லேருந்து 162 வரைக்கும் 240 படி, ஒரு சுத்துக்கு 80 விநாடி. மெனு 1ல ஸ்டெப் 2.5ன்னு கிடந்தா அதுவே 13 நிமிஷத்துக்கு மேல. அதனால கடல் சேனல் 16, 6, 8, 72, 77ன்னு அஞ்சாறு சேனல மெமரில போட்டு சுத்த விடுங்க. மெனு 18ல சிஓ வச்சா பேச்சு முடிஞ்ச பிறகுதான் நகரும். இரட்டை அலைவரிசை சேனல்கள்ல கரை நிலையம் 4.6 மெகாஹெர்ட்ஸ் மேல பேசும், படகு அலைவரிசைய மட்டும் போட்டா பாதிப் பேச்சுதான் கிடைக்கும்.

வாட்_வீரன்:
இவ்வளவு எதுக்கு மக்களே? 8 வாட் செட்டு வாங்கு, 5 வாட் போகாத தூரமெல்லாம் போகும்.

சுருள்கம்பி:
5லேருந்து 8க்கு 2 டெசிபல். ஒரு எஸ் புள்ளிக்கே (சிக்னல் மீட்டர்ல ஒரு படி) 6 டெசிபல் வேணும். தூரம் உயரத்துலதான் இருக்கு: ரெண்டு முனை உயரத்துக்கும் (மீட்டர்ல) வர்க்கமூலம் எடுத்து, கூட்டி, 4.12ஆல பெருக்குங்க. மணல்ல நின்னா 1.5 மீட்டர், வள்ளத்து ஏரியல் 4 மீட்டர்: 13 கி.மீ. மொட்டை மாடி 9 மீட்டர்னா 20.6 கி.மீ. 50 வாட் போட்டாலும் பூமி வளைவு நிமிராது.

வாட்_வீரன்:
கணக்கு பாக்கிறவன் கடலுக்குப் போனதில்ல.

தக்கலை_ரேடியோ:
கணக்கு சரிதான் அண்ணாச்சி, ஆனா காத்து கொஞ்சம் கூடக் கொண்டு போகும், சில நாள் கேரளா கரையே கேக்கும்.

சுருள்கம்பி:
அதுக்குப் பேரு டக்டிங், காத்து அடுக்குல சிக்னல் மாட்டி தூரம் போறது. அத நம்பி ஆள கடல்ல விட முடியாது.

மணக்குடி_மின்சாரம்:
வேற சண்டை வேண்டாம். விமானம் கேக்கப் போறவங்களுக்கு இதே கணக்கு: திருவனந்தபுரம் விமான நிலையம் குளச்சல்லேருந்து நேர்க்கோட்டுல ஏறத்தாழ 50 கி.மீ. அங்க ஏரியல் 30 மீட்டர் உயரம்னே வச்சாலும் மாடியிலேருந்து 35 கி.மீ. தான் எட்டும். ஆனா 3000 மீட்டர்ல பறக்கிற விமானம் 230 கி.மீ.க்கு மேல கேக்கும். அதனால பைலட்டு பேச்சு மட்டும் வரும், கீழ இருக்கிறவர் பதில் வராது. அத செட்டு கோளாறுன்னு திரும்பி வந்து கேக்காதீங்க.

குளச்சல்_வள்ளம்:
88.5 டோன்தான் கிடந்துது. ஆஃப் பண்ணியாச்சு. 16 கேக்கு. நன்றி.

நாஞ்சில்_ஏரியல்:
நல்லது. வாங்குற செட்டு எது, பேப்பர் என்ன ஆச்சு?

வாட்_வீரன்:
8 வாட்டுதான் வாங்கியிருப்பான், பாருங்க.