ஹேக்கிங் கேம் முன்மாதிரி: கட்டளை தட்ட வைக்கலாமா, பொத்தான் போதுமா?

டர்பன்_டெர்மினல்:
கேம் உருவாக்கும் மென்பொருளான கோடோவில் ஒரு ஹேக்கிங் கேம் செய்துகொண்டிருக்கிறேன், இன்னும் முன்மாதிரிதான், ஒரே ஒரு மிஷன். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. விளையாடுபவர் கட்டளை தட்டி ஒரு கம்பெனி சர்வருக்குள் போய், ஃபைலை எடுத்து, யார் வந்து போனார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் லாக்கை அழித்துவிட்டு வெளியே வர வேண்டும். இங்கே டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கும் சொந்தக்காரப் பிள்ளைகளிடம் கொடுத்தேன், லினக்ஸ் கட்டளைகள் தெரியாதவர்கள் முதல் திரையிலேயே எழுந்து போய்விட்டார்கள். ஐடியில் இருக்கும் மச்சானோ "போர்ட் 22 திறந்திருந்தால் அப்படியே உள்ளே போய்விட முடியுமா?" என்று சிரிக்கிறார் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வாசலின் எண் அது). யார் பேச்சைக் கேட்பது? கட்டளையை எடுத்துவிட்டு பொத்தான் வைக்கட்டுமா? அப்புறம், தமிழில் எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறி நின்று மானத்தை வாங்குகின்றன.

பழைய_மோடம்:
தம்பி, மச்சான் சொல்வது சரி, ஆனால் அவருக்காகக் கேம் செய்யாதே. 2001இல் வந்த அப்லிங்க் என்ற ஹேக்கிங் கேமில் பெரும்பாலும் மவுஸ்தான். அதில் பாஸ்வேர்டு உடைக்கும் கருவி ஒவ்வொரு எழுத்தாகக் கண்டுபிடிக்கும், நிஜத்தில் பாஸ்வேர்டு பொதுவாக அப்படி விழாது. யார் கவலைப்பட்டார்கள்? நம்மைத் தேடிப் பிடிக்க வரும் டிரேஸ் நெருங்க நெருங்க பீப் சத்தம் வேகமாகும், உள்ளங்கை வேர்த்துவிடும். பல சர்வர்கள் வழியாகச் சுற்றிப் போனால் கூடுதல் நேரம் கிடைக்கும், ஆனால் லாக்கை அழிக்காமல் வந்துவிட்டால் பிறகு தேடி வந்து பிடிப்பார்கள். 2015இல் வந்த ஹேக்நெட்டில் யூனிக்ஸ் மாதிரிக் கட்டளைகளைத் தட்டத்தான் வேண்டும், ஆனால் அதை ஒவ்வொன்றாகக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே ஓடின. நீ இவ்வளவு எழுதியிருக்கிறாய், மாட்டினால் என்ன ஆகும் என்று ஒரு வரி இல்லையே? முதலில் அதை வை. பயமே இல்லாத திரையில் பொத்தான் வைத்தாலும் பிள்ளைகள் எழுந்துதான் போவார்கள்.

ஷேப்பிங்_ஷண்முகம்:
கோடோ 3இல் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதில் தமிழ் இப்படித்தான் உடையும். 2023 மார்ச்சில் வந்த 4.0இலிருந்து, எழுத்துகளைச் சரியாகக் கோத்து வடிவமைக்கும் (இதைத்தான் ஷேப்பிங் என்பார்கள்) ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருக்கிறது, மாறிவிடுங்கள். ஆனால் அதோடு முடியாது. டைப்ரைட்டர் மாதிரி எழுத்து எழுத்தாக வரவழைத்தால் "கொ" வருவதற்கு முன் வெறும் "க" தோன்றிவிட்டு, கொம்பு வந்ததும் வலப்பக்கம் தள்ளிப்போகும், பார்க்கச் சகிக்காது. ஷேப்பிங் முடிந்த பிறகு மறைக்கும் அமைப்பு ஒன்று, திரையில் எழுத்தைக் காட்டும் லேபிளிலேயே இருக்கிறது, அதைப் போடுங்கள். யூனிகோடில் "கொ" இரண்டு குறியீடு, "ஸ்ரீ" நான்கு, அதனால் பாஸ்வேர்டு சுழலும் கட்டங்களைச் சரத்தின் நீளத்தை, அதாவது குறியீடுகளின் எண்ணிக்கையை நம்பி எழுதக் கூடாது. எழுத்துகளும் ஒரே அகலம் கிடையாது, "ணௌ"வையும் "ர"வையும் ஒரே கட்டத்தில் அடைக்க முடியாது. நானாக இருந்தால் கட்டளை தட்டும் டெர்மினலை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு, திருடிப் படிக்கும் மெயில்களைத் தமிழில் வைப்பேன். ஆர்வம் வருவதே அடுத்தவர் மெயிலில்தானே.

லெனேஷியா_லாக்:
கேமில் வரும் சர்வர்களுக்கு ஐபி முகவரிகளை (இணையத்தில் ஒரு கணினியைக் குறிக்கும் எண்கள்) வாய்க்கு வந்தபடி போடாதீர்கள். ஏதாவது ஒன்று நிஜ ஆளுடையதாக இருக்கும், யாராவது ஒரு பையன் வெளியே போய் முயன்று பார்ப்பான். 192.0.2, 198.51.100, 203.0.113 என்று தொடங்கும் மூன்று தொகுதிகள் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை, அவற்றை எடுங்கள். அனுமதி இல்லாமல் பிறர் கணினியில் நுழைவது நம் தென்னாப்பிரிக்காவில் சைபர் குற்றச் சட்டப்படி குற்றம், அது 2021 டிசம்பர் 1 முதல் பெருமளவு நடைமுறையில் இருக்கிறது. கேமுக்குள் எல்லாமே பொம்மை சர்வராக இருக்கும்வரை கவலை இல்லை.
கதைக்கு வங்கியை விடுங்கள், சலித்துவிட்டது. 2021 ஜூலையில், துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட் மீது நடந்த சைபர் தாக்குதலில் உங்கள் ஊர்த் துறைமுகத்தில் கன்டெய்னர் வேலையே தடுமாறியதே, ஞாபகம் இருக்கிறதா? கற்பனைத் துறைமுகம் ஒன்றை வைத்து, ஆட்டக்காரரைக் காப்பாற்றுகிற பக்கம் நிறுத்துங்கள். லோட் ஷெட்டிங் (பகுதி பகுதியாக முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது) அட்டவணை மாதிரி ஒன்றும் கையில் இருக்கட்டும்: அந்தப் பகுதியில் மின்சாரம் போனதும் சர்வர் பேட்டரிக்கு மாறும், பேட்டரி தீர்வதற்குள் வேலை முடிய வேண்டும். இதைவிட நம்மூர் டைமர் வேறென்ன வேண்டும்!

டர்பன்_டெர்மினல்:
மோடம் அண்ணே, மாட்டினால் இப்போதைக்கு "தோல்வி" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். பேட்டரி டைமரை முதலில் செய்கிறேன், கட்டளைகளை ஐந்தாகக் குறைக்கிறேன். காப்பாற்றுகிற பக்கம் என்றால் லாக்கை அழிக்கும் வேலை எதற்கு? எதிராளி அழிப்பதற்குள் படித்துவிடுவது மாதிரி வைக்கலாமா?

லெனேஷியா_லாக்:
அதேதான். வரிகள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மறையட்டும்.